ஊர்ச் செய்தியிலிருந்து நாட்டுக் கொள்கை வரை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இக்கருத்தரங்கில் பேசுவோர்க்கு ஆளுக்கொரு தொழிலைப் பிரித்து அளித்துள்ளனர். மருத்துவம், பொறியியல், சட்டம், ஆட்சிப்பணி ஆகியன நமக்கு முன்னர்ப் பேசியோர்க்கு வாய்த்தன. நமக்கு வாய்த்தது செய்தித் தொழில். அழைப்பிதழில் அது கடைசியாக நிற்பதைக் கண்டோம், குறை கூறவில்லை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கத்தின் உதவித்தொகை பெற்றுப் படித்தோருள் ஆசிரியர் உளர், செவிலியர் உளர், வங்கி அலுவலர் உளர், துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் பணிபுரிவோர் உளர். நாளிதழில் முழுநேரச் செய்தியாளராக இருப்பவர் ஒருவரும் இலர். ஆகவே கடைசி இடம் பொருத்தமானதே. அது கடைசியிலேயே நிற்கலாமா என்பதுதான் இன்று நாம் பேச வந்த பொருள்.

நாம் கூடியிருக்கும் இக்கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். முத்துச் சலாபம் நடந்த நாட்களில், எந்தப் பாரில் எந்த நாள் முதல் குளிப்பு நடைபெறும் என்பதை அரசினர் முன்கூட்டியே விளம்பரம் செய்தனர். கரை சேர்ந்த சிப்பிகளை எண்ணிக் கூறிட்டனர். மூன்றில் ஒரு பங்கு குளித்தோர்க்கு, இரண்டு பங்கு அரசினர்க்கு. அரசினர் பங்கு ஆயிரம் சிப்பி இன்ன விலையென ஏலத்திற் போயிற்று. எத்தனை இலட்சம் சிப்பி, எவ்வளவு வருவாய் என்பதெல்லாம் அறிக்கைகளில் ஏறின. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு அத்தொழில் நின்றுபோயிற்று; அதன் கணக்குகள் மட்டும் இன்றும் நிற்கின்றன. அதே கரையில் உப்பு வாரியோர், கப்பலுக்கு மூட்டை சுமந்தோர், தெருக்கூட்டியோர் ஆகியோரின் குடியிருப்புக்கு எந்த ஆண்டு குடிநீர் வந்தது, எந்தப் பாதை அவர்கட்கு அடைபட்டிருந்தது என்று தேடப் புகுந்தால் அத்தகைய கணக்கு எளிதில் அகப்படுவதில்லை. சிப்பியை எண்ண ஆள் வைத்திருந்தனர். நம் தெருக்களை எண்ணுவதற்கு எவரையும் வைக்கவில்லை.

ஓர் ஊரின் செய்தி நாட்டின் செய்தியாவது இந்நகரத்தார்க்குப் புதிதன்று. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். அதனைச் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ எழுதிற்று. பாரதியார் பொறுப்பிலிருந்த ‘இந்தியா’ எழுதிற்று. ஒரு மில்லின் கூலித் தகராறு சில கிழமைகளில் ஆங்கில அரசே கவலை கொள்ளும் பொருளாயிற்று. நடந்ததன் பெருமை பாதி என்றால், எழுத ஆள் இருந்தது மறுபாதி. ‘சுதேசமித்திரன்’ கண்ட ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி ஆசிரியராய் இருந்து இதழ்த் தொழிலுக்கு வந்தவர் என்பதை, நம் தொழில் பற்றிய சிறு பெருமையோடு இடையே சொல்லிக்கொள்கின்றோம்.

இனி, நம் சமுதாயத்திலேயே தோன்றி, ஊர்க்குறையை எழுதத் தொடங்கி, நாட்டின் அரசியல் அமைப்பு பேசப்பட்ட அவை வரை சென்ற ஒருவரின் வழியைச் சற்று விரிவாகக் காண்போம். அவர் இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் அவர் பிறந்த ஊர். கோயம்புத்தூரில் கல்வி கற்றார். நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். இதனை இளைஞர்கள் கருதிப் பார்க்க வேண்டும். எழுத்தாளர் ஆவதற்கு முன்னர் அவர் கணக்கர். வரவும் செலவும் நாளும் தொகையும் பிழையின்றி எழுதிப் பழகிய கை அது. 1890இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். நான்கே பக்கங்கள், திங்களுக்கு ஒருமுறை. மூன்று மாதத்தில் அது வார இதழாயிற்று. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சகம் அமைந்தது. ஏறத்தாழ ஏழாண்டுகள் இதழ் நடந்தது.

அப்பெயரைக் கேட்டு அன்றும் பலர் முகஞ்சுளித்தனர். வசையாக வீசப்பட்ட சொல்லை ஒளிக்க ஒளிக்க அச்சமே மிகும், வெளிப்பட எடுத்துச் சொன்னால்தான் உரிமை பேச முடியும் என்பது அவர் கொள்கை. அவருடைய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் இதற்கு உடன்பட்டவரல்லர். அப்பெயரே பிறர் சூட்டிய இழிவு என்பது பண்டிதரின் முடிபு. 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அவர் தொடங்கிய வார இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. இருவருள் யார் சரி என்று இன்றும் நம் வாசகசாலையில் வழக்காடுவோர் உண்டு. வழக்காடட்டும். இருவரும் கைப்பொருளைச் செலவிட்டு அச்சுக் கோத்தனர் என்பது நமக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுகிறது. இவர்கட்கும் முன்பே, 1869இல், ‘சூரியோதயம்’ என்னும் இதழ் நம் சமுதாயத்தார் நடத்தியதாக அறிகின்றோம். எனவே நமக்கு இத்தொழில் புதிதென்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டா.

‘பறையன்’ எதனை எழுதிற்று? சேரிகளின் குறைகளை எழுதிற்று. அக்காலத்தில் தமிழ் இதழ்களில் வருவனவற்றை ஆங்கிலத்திற் சுருக்கி அதிகாரிகளின் பார்வைக்கு வைக்கும் வழக்கம் சென்னை அரசாங்கத்தில் இருந்தது. ஆதலால் சிறு இதழில் வெளிவந்த ஒரு குறையும் கோட்டைக்குள் நுழைய வழி உண்டு. எழுதியதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1896இல் இதழில் வெளியான கடிதம் ஒன்றுக்காக வழக்குத் தொடுக்கப்பட்டு, ஆசிரியராகிய அவருக்கு 100 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அன்றைய நூறு ரூபாயின் பெறுமானத்தை இங்குள்ள முதியோர் இளைஞர்களுக்கு எடுத்துரைப்பாராக.

இதழ் தொடங்கிய அதே 1893இல் ஒரு பெரிய கொள்கைச் சிக்கல் எழுந்தது. இந்திய சிவில் சர்வீசுத் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். ஆங்கில மக்களவையும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அதற்கு இணங்கித் தீர்மானம் நிறைவேற்றிற்று. சீனிவாசனார் எதிர்த்தார். டிசம்பர் 23ஆம் நாள் சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தை ஆங்கிலப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். இந்தியர் உயர்பதவி பெறுவதை ஓர் இந்தியர் எதிர்ப்பதா என்று இன்று படிப்போர்க்கு வியப்புத் தோன்றும். அவர் கேட்ட கேள்வி வேறு. பள்ளிக் கதவே திறவாத மக்கள் பலர் இருக்க, தேர்வு இங்கு நடந்தால் பதவியில் அமர்வோர் யாவர்? அவர்களிடம் நம் மக்கள் நியாயம் பெறுவரோ? ஒரு கொள்கையால் யார்க்கு என்ன நேரும் என்று கடைசி வீட்டிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கும் முறை இது. அவர் முடிவை ஏற்காதவரும் முறையை மறுக்க இயலாது என்று நாம் கருதுகின்றோம்.

1900ஆம் ஆண்டளவில் அவர் வெளிநாடு சென்றார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு இருந்து, 1920ஐ ஒட்டித் தாயகம் மீண்டார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக நியமிக்கப் பெற்றார். 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. எவ்வகுப்பினராயினும் பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றை அணுகலாம் என்பது அதன் சாரம். 1925இல் அரசிதழிலும் அது வெளியாயிற்று. தீர்மானத்தின் சொற்களை நோக்குங்கள். சாலை, தெரு, பாதை, கிணறு, குளம் என அனைத்தும் ஊர்ச் செய்தியாளனின் குறிப்பேட்டில் உள்ள சொற்களே. முப்பதாண்டுகளுக்கு முன் இதழில் எழுதிய அதே பாதையும் கிணறும் சட்டமன்ற நடவடிக்கையில் ஏறின.

அடுத்து இலண்டன். 1930 நவம்பரில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பேராளராக அமர்ந்தோர் இருவர்: அண்ணல் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசனார். வருங்கால அரசியல் சட்டத்தில் நம் மக்களுக்கு வேண்டிய பாதுகாப்புகளை வரைந்து இருவரும் கூட்டாக ஒரு குறிப்புரை அளித்தனர். தீண்டாமையும் அடக்குமுறையும் உண்டென்பதை மெய்ப்பிக்க அவர்கள் அதில் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் ஒன்று, சென்னை வருவாய் வாரியத்தின் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாளிட்ட 723ஆம் எண் நடவடிக்கை. அதில் என்ன இருக்கிறது? சொற்படி நடவாத சேரி மக்கள்மீது ஊர்மன்றத்தில் பொய்வழக்குத் தொடுப்பது, சேரியைச் சுற்றியுள்ள புறம்போக்கைத் தாமே வாங்கிக்கொண்டு சேரிக் கால்நடைகளைப் பட்டியில் அடைப்பது, கோவில் வழியை மறிப்பது, குடிசையைப் பிரித்தெறிவது, விளைந்த பயிரை வலிந்து அறுத்துக்கொண்டு, தடுத்தவர்மேல் திருட்டுக் குற்றம் சாட்டுவது ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன.

இவை அரண்மனைச் செய்திகளல்ல. எந்த ஊரிலோ எவருடைய மாடு அடைபட்டது, எவருடைய பயிர் அறுபட்டது என்னும் செய்திகள். அக்காலத்தே செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர் தம் மாவட்டத்துச் சேரி மக்களின் நிலையைப் பற்றி 1891இல் விரிவான அறிக்கை எழுதினார். அதனைத் தொடர்ந்தே 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதனால் வந்தது. 1892இல் எழுதி வைத்த ஊர்க்கணக்கு 38 ஆண்டுகள் கழித்து இலண்டன் மாநாட்டு மேசையில் சான்றாக நின்றது. நாளும் எண்ணும் இல்லாமல், எம் மக்கள் பெரிதும் துன்புறுகின்றனர் என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அது அங்கே நின்றிராது. செய்தித் தொழிலில் உள்ளூரிலிருந்து உயர்வது என்றால் என்ன என்று நம்மைக் கேட்டால், இந்த 38 ஆண்டுப் பயணத்தைத்தான் காட்டுவோம். மேசையும் நாற்காலியும் மாறுவது பின்னர் வருவது.

அம்பேத்கரும் இதழாசிரியரே என்பதை நாம் பலமுறை மறந்துவிடுகின்றோம். 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். அதற்கு விளம்பரம் வெளியிடக் காசு தருவதாகச் சொல்லியும் ‘கேசரி’ மறுத்துவிட்டது. 1927 மார்ச் 20இல் மகாடு குளத்தில் நீர் அருந்தும் போராட்டம். இரண்டு கிழமைக்குள் ஏப்ரல் 3ஆம் நாள் ‘பகிஷ்கிருத் பாரத்’ வெளிவந்தது. ஒரு குளத்தில் நடந்தது பற்றிப் பிறர் எழுதுவதை நம்பி அவர் காத்திருக்கவில்லை.

நம் மாவட்டத்திற்குத் திரும்புவோம். 1995 ஆகஸ்டு 31ஆம் நாள் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான காவலர் புகுந்து வீடுகளைச் சூறையாடினர். அரிதின் உழைத்துச் சேர்த்த பொருள்களும் சான்றுப் பத்திரங்களும் அழிந்தன. கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டது என்று ஊரார் கூறினர். இங்குள்ளோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் சொல்ல விழைவது வேறொன்று. ‘பிரண்ட்லைன்’ இதழின் செய்தியாளர் எஸ். விசுவநாதன் கொடியங்குளம் பற்றி எழுதினார். தொடர்ந்து பத்தாண்டு காலம் தமிழ்நாட்டில் நம் மக்கள்மீது நடந்த கொடுமைகளை அவ்விதழில் எழுதி வந்தார். 1995 முதல் 2004 வரையிலான அக்கட்டுரைகள் 2005இல் ஆங்கில நூலாகத் தொகுக்கப்பட்டன. பின்னர் அவர் ‘இந்து’ நாளிதழில் வாசகர் ஆசிரியர் என்னும் பொறுப்பையும் வகித்தார். நாள்தோறும் சிதறி மறையும் செய்திகள் ஒருவர் விடாது தொடர்ந்தமையால் ஆவணமாயின. அன்னார்க்கு நம் நன்றி என்றும் உரியது. எனினும் கொடியங்குளத்து மாணவன் ஒருவன் அதை எழுதும் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் என்னென்ன வெளிவந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

அந்த இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 1996இல் தில்லியில் ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர், கருத்துக் கேட்பதற்குத் தலித் செய்தியாளர் ஒருவரைக் காட்டுமாறு பி. என். உனியால் என்னும் மூத்த இதழாளரிடம் கேட்டார். உனியால் தேடினார். முப்பதாண்டுத் தொழில் வாழ்வில் அத்தகைய ஒருவரைக்கூடத் தாம் சந்தித்ததில்லை என்று உணர்ந்தார். மைய அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை எடுத்து ஆராய்ந்தும் ஒருவரையும் காணாமல், அதனை ‘பயனியர்’ நாளிதழில் எழுதினார். அது பழங்கதை என்பீர்கள். 2019இல் ஆக்ஸ்பாம் நிறுவனமும் நியூஸ்லாண்டிரி இணைய இதழும் செய்த ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளுள் 106இல் உயர்சாதியினர் இருந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இலர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 2011 கணக்கின்படி ஐந்தில் ஒரு பங்கு நாம்.

இதனைக் கேட்ட இளைஞர், அவர்கள் விடமாட்டார்கள் என்று சொல்லி எழுந்து போய்விடக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்டுப் பகுதியில், சித்திரகூட மாவட்டத்தில், 2002இல் ‘கபர் லகரியா’ என்னும் செய்தித்தாளைக் கிராமப் பெண்கள் தொடங்கினர். அவர்களுள் பலர் தலித் பெண்கள், குறைந்த படிப்பினர். சாலை போடாதது, ஆழ்குழாய் பழுதானது, காவல் நிலையத்தில் வழக்குப் பதியாதது ஆகியவற்றைத் தங்கள் வட்டார மொழியில் எழுதினர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கார் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அமைச்சர்களையும் வேட்பாளர்களையும் நேருக்கு நேர் கேள்வி கேட்கின்றனர்.

இனி நம்மூர்ப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, செய்தி கொள்கையாவது எப்படி என்று காட்டுவோம். உப்பு. உப்பு உற்பத்தியில் குசராத்திற்கு அடுத்த இடம் தமிழ்நாட்டினது. அதில் பெரும்பகுதி நம் மாவட்டத்தினது. ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை, கூலி இல்லை. இஃது ஊர்ச் செய்தி. ஒரு நாள் பாத்தி ஓரத்தில் நின்று, வெயிலும் உப்பும் கண்ணைக் கூசச் செய்ய, பெண்கள் தலைச்சுமை சுமப்பதைப் பார்த்து எழுதினால் அரைப்பத்தி தேறும். அடுத்த நாள் ஒரு கேள்வி எழவேண்டும். இவர்கள் கூலியை நிர்ணயிப்பவர் யார்? அது மாநில அரசின் அறிவிப்பு. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், பின்னர் நிறைவேறிய 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் படிக்க வேண்டும். இந்த உப்பளம் யாருடைய நிலம்? தனியாருடையதா, குத்தகையா, மைய அரசுக்கு உரியதா? உப்பைப் பற்றிய அதிகாரம் அரசியலமைப்புச் சட்டத்தில் ஒன்றியப் பட்டியலில் உள்ளது. உப்பு ஆணையரின் தலைமையகம் செய்ப்பூரில் இருக்கிறது. முத்தையாபுரத்தில் தொடங்கிய கேள்வி செய்ப்பூருக்கும் தில்லிக்கும் தானாகவே நடந்து போகிறது! உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மாநில அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்தது. அத்தோடு செய்தி முடிந்ததாகச் சிலர் எண்ணுவர். பட்டியலில் பெயர் ஏறாதோர் யார், நல வாரியத்தில் பதியாதோர் எத்தனை பேர் என்பது அதற்கு மறுநாளைய செய்தி.

இவ்வாறே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கூடிற்றா? நம்மூர்ச் செய்தியாளர் எத்தனை பேர் அந்தத் தேதியைக் குறித்து வைத்துள்ளனர்? ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டத்தோடு பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒதுக்கீட்டைக் காட்டும் 10அ என்னும் தனி அறிக்கை ஆண்டுதோறும் வெளிவருகிறது. அதில் எழுதிய தொகைக்கும் நம் விடுதியில் மாணவன் உண்ணும் சோற்றுக்கும் உள்ள தொடர்பை எழுதத் தெரிந்தவர் கொள்கைச் செய்தியாளர். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கையிலிருக்கிறது. சீனிவாசனார் காலத்தில் அது இல்லை.

பெருநகரத்திலிருந்து ஊருக்கு வந்த வழியும் உண்டு. பி. சாய்நாத் பம்பாயில் வார இதழொன்றின் துணையாசிரியராக இருந்தவர். 1993இல் அதனை விட்டுவிட்டு, நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களுக்கு நடந்தும் பேருந்திலும் சென்று எழுதினார். அவற்றுள் நம் அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரமும் ஒன்று. 1996இல் நூலாயிற்று, 2007இல் மகசேசே விருது கிடைத்தது. பெரியவர்கள் தேடி வந்து கற்கும் பள்ளிக்கூடம் நம் வாசலிலேயே இருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னோம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். நம்மிடம் படித்த மாணவன் ஒருவன். உப்பளத் தொழிலாளி மகன். தமிழ்க் கட்டுரையில் எப்போதும் முதலிடம். பட்டம் பெற்றபின் நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபரானான். மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்குத்தான் காசு. பண்டிகை தோறும் விளம்பரம் பிடித்துத் தரவேண்டும். கடைத்தெருவில் விளம்பரம் கேட்கப் போனால், நீ எந்தத் தெரு என்ற கேள்வி முதலில் வரும். நம் தெருச் செய்தியை எழுதி அனுப்பினால், உங்கள் ஆட்கள் செய்திதானே, மூன்று வரி போதும் என்று சொன்னார்களாம். மூன்றாண்டு பொறுத்தான். பிறகு அரசுத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் ஆனான். அவன் தகப்பனார் இனிப்புக் கொண்டுவந்து தந்தார். நாமும் மனமார வாழ்த்தினோம். வீட்டில் அடுப்பெரிய வேண்டிய நிலையில் அவன் செய்தது சரி. இப்போதும் அவன் வேலை பார்க்கும் அலுவலகத்துக் கோப்புகளைக் காணும்போது, இவற்றில் எத்தனை செய்தி உறங்குகின்றன என்று அவன் நம்மிடம் சொல்வதுண்டு.

அம்மாணவனுக்கு எழுத்துத் திறம் குறைவில்லை, துணிவும் குறைவில்லை. மூன்றாண்டு தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்றாண்டைத் தந்தையின் பணம் தாங்கும். நம் பிள்ளைக்கு யார் தாங்குவது? இச்சங்கம் தாங்கலாம் என்பது நம் கருத்து. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பலர்க்குச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து கொடுத்து வந்தோம். அது நிற்க வேண்டியதில்லை. அதோடு, ஒரே ஒருவரைத் தேர்ந்து, ஆணாயினும் பெண்ணாயினும், முழுமையாக ஆதரிக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். தில்லியில் 1965இல் தோன்றிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. சென்னையிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரி நம் மாணவர்க்கெனக் கல்வி உதவி வழங்கியுள்ளது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. சேர்வது அவ்வளவு அரிதன்று; சேர்ந்த பின் நிற்பதுதான் அரிது. ஆங்கிலமும் வேண்டும். தமிழில் ஊரை எழுதுபவன் ஆங்கிலத்தில் அரசாணையைப் படிக்க முடியாமற் போனால் பாதி வழியில் நின்றுவிடுவான். பள்ளியில் நாம் ஆங்கிலம் கற்பிக்கும் அழகைப் பற்றி இம்மேடையில் பேசினால் நேரம் போதாது.

அதுவரை வாசகசாலையில் செய்யக் கூடியது ஒன்றுண்டு. நம் மாவட்டத்துச் சேரிகளைப் பற்றி வெளிவரும் ஒவ்வொரு செய்தியையும் நாளிட்டு வெட்டி ஒட்டுங்கள். அதன் பக்கத்தில், அது பற்றி வந்த அரசாணை, தகவல் உரிமை விடை, நீதிமன்றத் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். விடை வராவிட்டால் வரவில்லை என்று நாளிட்டு எழுதுங்கள். எழுத்து அழகாக இருக்க வேண்டுவதில்லை. நாளும் எண்ணும் பெயரும் சரியாக இருந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். சீனிவாசனார் நீலகிரியில் பத்தாண்டு எழுதியதும் இத்தகைய பேரேடுதான்.

நாம் கூறிய ஏற்பாட்டை அடுத்த பொதுக்குழுவில் வைப்பதற்குத் தீர்மான வடிவில் எழுதிச் செயலாளரிடம் தந்துள்ளோம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை, ஆதரவு அளிக்கும் காலம், அவர் சங்கத்திற்கு ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய அறிக்கை ஆகிய அனைத்தையும் குறித்திருக்கின்றோம். தொகை எழுதும் இடத்தை மட்டும் நிரப்பவில்லை. அதனை உறுப்பினர்களாகிய நீங்கள் கூடி நிரப்ப வேண்டும்.